வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்: வி.பி.என். எந்த இடத்தில் அறுகிறது?

வீட்டு வி.பி.என். என்பது வெளியூரில் இருக்கும் கைபேசியையோ லேப்டாப்பையோ வீட்டு நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கருவி இதற்கு சர்வராக இருக்கும். அது ரவுட்டராக இருக்கலாம். ராஸ்ப்பெரி பை போன்ற சின்னக் கணினியாக இருக்கலாம். குடும்பப் படங்களும் ஆவணங்களும் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டியாகவும் இருக்கலாம். வெளியே உள்ள கருவியும் இந்த சர்வரும் பரிமாறிக்கொள்ளும் ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது சிறு தரவுப் பொதியும், குறியாக்கம் செய்யப்பட்டே பொது இணையத்தில் போகிறது. இப்படி அமையும் மூடிய வழியைத்தான் சுரங்கம் என்கிறார்கள். சிசிடிவி பதிவைப் பார்ப்பது, வீட்டுக் கணினியில் விட்டுவந்த கோப்பை எடுப்பது, அப்பா அம்மா வீட்டு ரவுட்டரைச் சரிசெய்து கொடுப்பது எல்லாம் இதனால் முடிகிறது.

மாதச் சந்தா கட்டி வாங்கும் வி.பி.என். சேவை வேறு, இது வேறு. அங்கே நம் இணையப் போக்குவரத்து முழுவதும் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது. இங்கே சர்வர் நம் வீட்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, பொதுமக்களுக்குச் சேவை விற்கும் வி.பி.என். நிறுவனங்களுக்கானது. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் அமைத்துக்கொள்வது அதில் வராது.

வி.பி.என். இல்லாமலும் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க வழி உண்டு. ரவுட்டரில் கேமராவுக்கான போர்ட் என்ற எண்ணிட்ட வாசலை இணையத்துக்குத் திறந்துவிட்டால் போதும். சிசிடிவி பொருத்த வருபவர்கள் பலர் இன்றும் அப்படித்தான் செய்துவிட்டுப் போகிறார்கள். அது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2016இல் மிராய் என்ற தீநிரல் காட்டியது. தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் இணையம் முழுக்கத் தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்தது அது. அந்தப் படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தை (இணையப் பெயர்களுக்கான ஐ.பி. எண்ணைத் தேடித்தரும் நிறுவனத்தை) தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற மிரட்டல் நிரல், இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்டிருந்த க்யூநாப் நாஸ் பெட்டிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வி.பி.என். அமைத்தால் வெளியே தெரியும் வாசல் ஒன்றுதான். அதுவும் சரியான சாவி இல்லாதவருக்குப் பதிலே சொல்லாத வாசல். அதனால், ஆரம்பத்தில் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தாலும் இதைச் செய்துகொள்வது நல்லது.

வீடுகளில் இன்று பரவலாக இருப்பது வயர்கார்டு. ஜேசன் டோனென்ஃபெல்டு உருவாக்கிய இந்த மென்பொருள், 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.6இல் சேர்க்கப்பட்டது. 2001 முதல் இருந்துவரும் ஓப்பன்விபிஎன்னையும் பலர் வைத்திருக்கிறார்கள். வயர்கார்டின் வழக்கமான போர்ட் யு.டி.பி. 51820, ஓப்பன்விபிஎன்னுடையது யு.டி.பி. 1194. இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது வயர்கார்டு. எது பழுதானாலும் கோளாறைத் தேடிப் போகும் வழி எல்லா வி.பி.என்.களுக்கும் ஒன்றுதான்: பாக்கெட் எதுவரை போய்ச் சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

ஹேண்ட்ஷேக் நடந்ததா?

வயர்கார்டு செயலியில் சுவிட்சைத் தட்டியதும் அது ஆன் ஆகிவிடும். ஆண்ட்ராய்டு திரையின் மேலே சாவி போன்ற குறியும் வந்துவிடும். இணைப்பு கிடைத்துவிட்டது என்று பலரும் நினைத்துக்கொள்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் கைபேசியில் உள்ள முனை தயார் என்பதற்கு மேல் அந்தக் குறிக்கு அர்த்தம் கிடையாது. மறுமுனையில் சர்வர் இருக்கிறதா, வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்பதுகூட அந்த நேரத்தில் செயலிக்குத் தெரியாது.

இரண்டு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு தற்காலிகச் சாவிகளை உருவாக்கிக்கொள்ளும் நிகழ்வுக்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். செயலியில் அந்த இணைப்பைத் திறந்தால் கடைசி ஹேண்ட்ஷேக் எவ்வளவு நேரத்துக்கு முன் நடந்தது, எவ்வளவு டேட்டா போனது, எவ்வளவு வந்தது என்ற விவரங்கள் இருக்கும். கோளாறு பார்க்கும்போது முதலில் படிக்க வேண்டியவை இவைதான். வயர்கார்டு அனுப்பும் முதல் அழைப்பு சரியாக 148 பைட். சர்வர் தரும் பதில் 92 பைட். பதில் வராவிட்டால் கைபேசி ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை மறுபடி அழைக்கும். ஆகவே போன டேட்டா 148, 296, 444 என்று 148ஆகக் கூடிக்கொண்டே போய், வந்த டேட்டா 0 என்றே நின்றால், அழைப்பு போகிறது, பதில் வரவில்லை என்று பொருள்.

கோளாறு இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஹேண்ட்ஷேக்கே நடக்கவில்லை என்றால் பழுது வெளியே: முகவரி, இணைய நிறுவனம், ரவுட்டர், போர்ட், சாவி ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது. ஹேண்ட்ஷேக் நடந்தும் கேமரா திறக்கவில்லை என்றால் வாசல் வரை வழி சரி, பழுது வீட்டுக்குள்ளே. இதைத் தீர்மானிக்காமல் எந்த செட்டிங்கையும் தொடக் கூடாது. ஒரே நேரத்தில் நாலைந்து செட்டிங்கை மாற்றிப் பார்ப்பவர்களுக்கு, ஏற்கெனவே இருந்த பழுதோடு புதிதாக ஒன்றிரண்டும் சேர்ந்துகொள்வதுதான் வழக்கம்.

சோதிக்கும் இடமும் முக்கியம். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வி.பி.என்னை சோதித்தால் முடிவை நம்ப முடியாது. வீட்டின் வெளிமுகவரியை வீட்டுக்குள்ளிருந்தே அழைக்கும்போது, அதைத் திருப்பி உள்ளே விடப் பல ரவுட்டர்களுக்குத் தெரியாது. கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில்தான் பார்க்க வேண்டும்.

வாசல் வரை

கைபேசியில் உள்ள அமைப்பில் எண்ட்பாயிண்ட் என்ற வரி, சர்வரின் வெளிமுகவரியையும் போர்ட் எண்ணையும் சொல்கிறது. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் இந்த ஐ.பி. முகவரி நிலையானதல்ல. கரண்ட் போய் வந்தாலோ ரவுட்டரை அணைத்துப் போட்டாலோ மாறிவிடலாம். அதனால்தான் டைனமிக் டி.என்.எஸ். தேவைப்படுகிறது. முகவரி மாறும்போதெல்லாம் வீட்டில் உள்ள ஒரு சிறு நிரல் டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற சேவையில் புதிய எண்ணைப் பதிவு செய்துவிடும். கைபேசியில் ஒரு பெயரை மட்டும் கொடுத்து வைத்தால் போதும். பெயரைத் தேடினால் வரும் எண்ணும், ரவுட்டர் வெளியே வாங்கியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேறாக இருந்தால் அந்தச் சிறு நிரல் நின்றுபோயிருக்கும். அல்லது பெயர் காலாவதியாகியிருக்கும். நோ-ஐபியின் இலவசப் பெயர்களை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளவுட்ஃப்ளேரில் பெயர் வைத்திருப்பவர்கள், அந்தப் பெயருக்கு எதிரே ஆரஞ்சு மேகக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வெளியே தெரிவது கிளவுட்ஃப்ளேரின் எண். அது இணையதளங்களுக்கான வழி. வயர்கார்டு பாக்கெட் அதில் போகாது.

அடுத்தது, வீட்டு வி.பி.என். அமைப்பவர்களை அதிகம் அலைக்கழிக்கும் விஷயம். வீட்டுக்கு உண்மையிலேயே பொது ஐ.பி. முகவரி இருக்கிறதா? பழைய ஐ.பி.வி.4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பில் மிஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு வளர்ந்த நிறுவனங்கள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கே ஒரு கதவு எண் கொடுத்துவிட்டு, எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்ற பட்டியலைக் காவலாளிக்குக் கொடுக்காமல் விட்டது போன்ற நிலை இது. உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. அதனால் யூடியூபும் வாட்ஸ்அப்பும் நன்றாகவே ஓடும். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் அது எந்த வீட்டுக்கு என்பது நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாததால் அங்கேயே கைவிடப்படும்.

கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வான் (WAN) ஐ.பி. என்ற இடத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வீட்டு வைஃபையிலேயே, "என் ஐ.பி. என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது முகவரி இருக்கிறது. வேறாக இருந்தால் இடையில் யாரோ முகவரியை மாற்றுகிறார்கள். வான் ஐ.பி. 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், 2012இல் சி.ஜி.நாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. அந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. இதை முதல் நாளே பார்த்துவிட்டால் பல இரவுகள் மிச்சமாகும்.

சி.ஜி.நாட்டில் இருப்பவர்களுக்கும் வழிகள் உண்டு. கூடுதல் கட்டணத்துக்கு நிலையான பொது முகவரி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. கேட்டுப் பார்க்க வேண்டும். ஐ.பி.வி.6 இன்னொரு வழி. இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது ஏற்கெனவே கிடைக்கிறது. ஐ.பி.வி.6இல் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி இருப்பதால் பங்கீட்டுத் தொல்லை இல்லை. ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் அனுமதித்தால் போதும். ஆனால், அழைக்கும் பக்கத்திலும் ஐ.பி.வி.6 இருந்தாக வேண்டும். மொபைல் டேட்டாவில் வேலை செய்த வி.பி.என். அலுவலக வைஃபையில் மௌனமாகிவிடுவதற்கு இது ஒரு காரணம். வெளியே ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து, வீடும் கைபேசியும் அதில் வந்து சந்திக்கும்படி செய்யலாம். வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட டெய்ல்ஸ்கேல் போன்ற சேவைகள் இந்தச் சந்திப்பைத் தாமே ஏற்பாடு செய்துவிடுகின்றன. ரவுட்டர் செட்டிங்குகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளலாம். யார் யாரோடு இணையலாம் என்ற நிர்வாகத்தை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கிறோம் என்பதை மட்டும் அறிந்து செய்ய வேண்டும்.

வான் ஐ.பி. 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றன என்று பொருள். ஃபைபர் இணைப்போடு நிறுவனம் தந்த பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். அதற்குப் பின்னால் கடையில் வாங்கிய நல்ல ரவுட்டரைச் செருகியிருப்பார்கள். வெளி அழைப்பு இரண்டு வாசல்களையும் தாண்ட வேண்டும். முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேட்பது சுத்தமான தீர்வு. முடியாவிட்டால் முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து சர்வருக்கும் போர்ட்டைத் திருப்ப வேண்டும்.

இப்படித் திருப்புவதில், அதாவது போர்ட் ஃபார்வர்டிங்கில், அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. வயர்கார்டு யு.டி.பி. என்ற அனுப்பும் முறையில் மட்டுமே இயங்கும். ரவுட்டர் பக்கத்தில் டி.சி.பி. என்றிருப்பதை மாற்றாமல் விட்டால் பாக்கெட் உள்ளே வராது. இன்னொன்று, வீட்டு நெட்வொர்க்கில் சர்வரின் எண் மாறிவிடுவது. ரவுட்டரில் 192.168.1.20க்குத் திருப்பச் சொல்லி வைத்திருப்பார்கள். கரண்ட் போய் வந்தபின் ராஸ்ப்பெரி பைக்கு 192.168.1.34 கிடைத்திருக்கும். அந்தக் கருவிக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும்படி ரவுட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் ஒதுக்கி வைத்துவிட்டால் இது மறுபடி வராது.

இவ்வளவும் சரி, இன்னும் ஹேண்ட்ஷேக் இல்லை என்றால் சர்வரிலேயே உட்கார்ந்து வருகிற பாக்கெட்டைப் பார்ப்பது நல்லது. லினக்ஸில் டிசிபிடம்ப் என்ற கருவியை 51820 போர்ட்டுக்கு ஓடவிட்டு, வெளியே மொபைல் டேட்டாவில் உள்ள கைபேசியிலிருந்து வி.பி.என்னை ஆன் செய்ய வேண்டும். திரையில் எதுவுமே வராவிட்டால் பாக்கெட் வீட்டுக்குள் வரவில்லை. மறுபடி முகவரி, சி.ஜி.நாட், போர்ட் என்று திரும்பிப் போக வேண்டும். 148 நீளத்தில் பாக்கெட் வருகிறது, 92 நீளத்தில் எதுவும் போகவில்லை என்றால், வழி முழுவதும் சரி. சர்வருக்கு அழைப்பவரை அடையாளம் தெரியவில்லை. பெரும்பாலும் சாவியில் தவறு. 148 வந்து 92உம் போகிறது, கைபேசிக்கு மட்டும் அது சேரவில்லை என்றால் திரும்பும் வழியில் தடை. இந்த இரண்டு எண்கள் சொல்லும் அளவுக்குத் தெளிவாக வேறெந்தப் பிழைச் செய்தியும் சொல்லாது. வயர்கார்டு பிழைச் செய்தியே தராமல் மௌனமாக இருக்கும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது. போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிபவர்களுக்கு அங்கே ஒரு சர்வர் இருப்பதே தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம்.

சாவித் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் ரகசியச் சாவி ஒன்று, பொதுச் சாவி ஒன்று. கைபேசியில் எழுத வேண்டியது சர்வரின் பொதுச் சாவி. சர்வரில் எழுத வேண்டியது கைபேசியின் பொதுச் சாவி. அவரவர் பொதுச் சாவியை அவரவர் பக்கத்திலேயே எழுதி வைப்பது புதிதாகச் செய்பவர்களிடம் சகஜம். சாவி 44 எழுத்து நீளம். கடைசி எழுத்து சமக் குறி. நகலெடுக்கும்போது அந்தச் சமக் குறி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையால் தட்டச்சு செய்வதைவிட க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து கைபேசியில் ஏற்றுவது பாதுகாப்பு.

கடிகாரமும் தொல்லை தரும். ஒவ்வொரு அழைப்பிலும் நேர முத்திரை இருக்கிறது. அதே கருவியிடமிருந்து முன்பு வந்த முத்திரையைவிடப் பழைய நேரத்தோடு வரும் அழைப்பை சர்வர் ஒதுக்கிவிடும். கைபேசியில் இது நேராது. இரண்டு வீடுகளை வி.பி.என்னால் இணைத்திருப்பவர்களுக்குத்தான் நேரும். ராஸ்ப்பெரி பையின் 5ஆம் பதிப்புக்கு முந்தையவற்றில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய்த் திரும்பும்போது அது பழைய நேரத்தோடு எழுந்திருக்கும். இணையத்திலிருந்து சரியான நேரம் வாங்கும்வரை சர்வர் அதைச் சேர்க்காது. அந்தக் கருவியின் போக்குவரத்து முழுவதையும் சுரங்கத்துக்குள்ளேயே போகும்படி அமைத்திருந்தால் நேரம் வாங்கவும் வழியில்லாமல் நின்றுவிடும். ஓப்பன்விபிஎன்னில் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருப்பதால் அங்கேயும் தவறான கடிகாரம் இணைப்பைக் கெடுக்கும். சான்றிதழ் காலாவதியானாலும் அப்படியே.

எல்லா இடத்திலும் வேலை செய்து, ஒரு விடுதியிலோ மருத்துவமனை வைஃபையிலோ மட்டும் நின்றுபோனால் தடை அங்கே இருக்கிறது. முதலில் வி.பி.என்னை அணைத்து, அந்த வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தில் அறை எண்ணோ கைபேசி எண்ணோ கொடுத்து முடித்துவிட்டு, பிறகு ஆன் செய்ய வேண்டும். அப்போதும் இல்லையென்றால் அங்கே யு.டி.பி.யைத் தடுத்திருக்கலாம். சர்வரின் போர்ட்டை 443ஆக மாற்றிப் பார்க்கலாம், யு.டி.பி. முழுவதும் அடைபட்டிருந்தால் டி.சி.பி. 443இல் ஓப்பன்விபிஎன் வைத்திருப்பது உதவும். வெளிநாடு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகள் சிலவற்றிலும் சீனாவிலும் வி.பி.என். பயன்பாட்டுக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. அந்த நாட்டு விதியைத் தெரிந்துகொள்ளாமல் சுவிட்சைத் தட்டக் கூடாது.

வீட்டுக்குள் வந்த பிறகு

ஹேண்ட்ஷேக் நடந்துவிட்டது, கேமரா மட்டும் திறக்கவில்லை என்றால் அலவ்டு ஐபி என்ற வரியை முதலில் பார்க்க வேண்டும். எந்த முகவரிகளுக்கான போக்குவரத்து சுரங்கத்துக்குள் போக வேண்டும் என்பதைக் கைபேசியில் இந்த வரிதான் முடிவு செய்கிறது. சுரங்கத்தில் சர்வருக்கு 10.8.0.1 என்று எண் கொடுத்து, அதை மட்டும் அங்கே எழுதியிருந்தால் சர்வர் கிடைக்கும், 192.168.1.50இல் உள்ள கேமரா கிடைக்காது. வீட்டு நெட்வொர்க் முழுவதையும் குறிக்கும் 192.168.1.0/24 என்பதையும் சேர்க்க வேண்டும். சர்வர் பக்கத்திலும் இதே வரி உண்டு. அங்கே ஒவ்வொரு கைபேசிக்கும் தனி எண் இருக்க வேண்டும். கணவர் கைபேசிக்கும் மனைவி கைபேசிக்கும் 10.8.0.2 என்றே எழுதிவிட்டால் பின்னால் எழுதப்பட்டது அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். முன்னது ஹேண்ட்ஷேக் செய்யும், வேறெதுவும் செய்யாது. ஒரே அமைப்பையும் சாவியையும் இரண்டு கருவிகளில் ஏற்றினாலும் சர்வர் யாருக்குப் பதில் அனுப்புவது என்று மாறி மாறித் தடுமாறும்.

ராஸ்ப்பெரி பை போன்ற லினக்ஸ் கருவி, தனக்கு வராத பாக்கெட்டை அடுத்தவருக்குக் கடத்திவிடும் வேலையை வழக்கமாகச் செய்யாது. ஐ.பி. ஃபார்வர்டிங் என்ற அமைப்பை 1 ஆக்கினால்தான் செய்யும். நிரந்தரமாக எழுதி வைக்காமல் அந்த நேரத்துக்கு மட்டும் மாற்றியிருந்தால், அடுத்த முறை கருவி அணைந்து எழும்போது மறுபடி 0 ஆகிவிடும். "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்ற புகார்களில் கணிசமானவை இங்கே வந்து முடிகின்றன.

பாக்கெட் கேமராவரை போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும் பதில் திரும்ப வேண்டும். கேமராவுக்கு வந்த அழைப்பில் அனுப்பியவர் எண் 10.8.0.2 என்றிருக்கிறது. அப்படி ஓர் எண் வீட்டில் இல்லை என்பதால் கேமரா தன் பதிலை ரவுட்டரிடம் தரும். ரவுட்டருக்கும் தெரியாது, அது இணையத்தின் பக்கம் தள்ளிவிடும், பதில் அங்கேயே தொலைந்துபோகும். இதைச் சரிசெய்ய, 10.8.0 என்று தொடங்கும் எல்லாவற்றையும் ராஸ்ப்பெரி பையிடம் கொடு என்று ரவுட்டரில் ஒரு நிலையான வழியை எழுதலாம். இதுதான் நேரான முறை. நிறுவனம் தரும் சில பெட்டிகளில் அந்த வசதியே இருக்காது. அப்போது ராஸ்ப்பெரி பையில் மாஸ்க்கரேட் என்ற விதியைப் போட்டால், வெளியிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் ராஸ்ப்பெரி பையே அழைப்பது போலக் கேமராவுக்குத் தெரியும். பதிலும் அதனிடமே வந்துவிடும்.

இரண்டு நெட்வொர்க்குகளின் எண்கள் மோதிக்கொள்வது இன்னும் வினோதமான பழுது. 1996இல் தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று மூன்று எண் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், ஏராளமான ரவுட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்றே வருகின்றன. வீட்டில் நாஸ் 192.168.1.10 என்றிருக்கிறது, தங்கியிருக்கும் விடுதியின் வைஃபையும் 192.168.1 வரிசையிலேயே இருக்கிறது. லேப்டாப் 192.168.1.10ஐத் தேடும்போது, அது இதே கட்டடத்தில் இருக்கிறது என்று நினைத்து விடுதிக்குள்ளேயே தேடக்கூடும். ஜியோ ஃபைபர் ரவுட்டர்கள் 192.168.29 வரிசையைப் பயன்படுத்துகின்றன. அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் அதே இணைப்பு இருந்தால் அண்ணன் வீட்டு வைஃபையிலிருந்து தன் வீட்டைப் பிடிக்கத் தம்பி சிரமப்படுவார். வீட்டு வரிசையை 192.168.87 அல்லது 10.73.41 என்பது போல அபூர்வமான ஒன்றாக மாற்றிவிடுவதுதான் நிலையான தீர்வு. கேமரா, பிரிண்டர் எல்லாவற்றின் எண்ணும் அதோடு மாறும் என்பதால், வி.பி.என். அமைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது மேல். ஐபோன் ஹாட்ஸ்பாட் பயன்படுத்தும் 172.20.10, பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டுகள் பயன்படுத்தும் 192.168.43 ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

கேமராவும் நாஸும் திறக்கின்றன, விண்டோஸ் கணினி மட்டும் பிங் என்ற சோதனை அழைப்புக்கும் பதில் தரவில்லை என்றால், அதன் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். கோப்புப் பகிர்வையும் பிங்கையும் அதே வரிசை எண்ணில் உள்ள கருவிகளிடமிருந்து மட்டுமே விண்டோஸ் வழக்கமாக ஏற்கும், 10.8.0.2 அதற்கு அந்நியர். அந்த விதியில் வி.பி.என். வரிசையையும் சேர்க்க வேண்டும். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுவது தீர்வாகாது.

எண்ணைத் தட்டினால் திறக்கிறது, பெயரைத் தட்டினால் திறக்கவில்லை என்பதும் அடிக்கடி வரும் புகார். வீட்டுக்குள் லோக்கல் என்று முடியும் பெயர்களைக் கருவிகள் தங்களுக்குள் உரக்க அறிவித்துக்கொள்கின்றன. அந்த அறிவிப்பு சுரங்கத்தைத் தாண்டி வராது. எண்ணையே பயன்படுத்தலாம், அல்லது வீட்டில் ஒரு டி.என்.எஸ். சர்வர் வைத்துக் கைபேசி அமைப்பில் அதைக் குறிப்பிடலாம். அப்படிக் குறிப்பிடும்போது அந்த டி.என்.எஸ். சர்வரின் எண் அலவ்டு ஐபி வரிக்குள் அடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வி.பி.என். ஆன் செய்ததும் வேறெந்த இணையதளமும் திறக்காது.

பாதி திறந்து நிற்பதும் இடையில் அறுவதும்

பிங் போகிறது, நாஸின் உள்நுழைவுப் பக்கம் வருகிறது, உள்ளே போனதும் படங்கள் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சின்ன பாக்கெட்டுகள் போய்ப் பெரியவை மட்டும் தொலைவதன் அடையாளம் இது. வழக்கமான நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். இந்த வரம்புக்கு எம்.டி.யு. என்று பெயர். வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே தன் உறையைச் சுற்றுகிறது. அந்த உறை ஐ.பி.வி.4இல் 60 பைட், ஐ.பி.வி.6இல் 80 பைட். எனவே உள்ளே போகும் பாக்கெட்டுக்கு 1420 என்று வைத்திருக்கிறார்கள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. வகை ஃபைபர் இணைப்புகளில் இன்னொரு 8 பைட் போய்விடும். அங்கே 1412 சரியான அளவு. மொபைல் நெட்வொர்க்குகளில் இன்னும் குறையலாம். முதலில் 1280 என்று வைத்துப் பார்ப்பது நல்லது. ஐ.பி.வி.6 ஏற்கும் குறைந்தபட்ச அளவு அது. எல்லாம் திறந்துவிட்டால் பழுது எம்.டி.யு.தான் என்று உறுதி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொள்ளலாம். மாற்றத்தை இரண்டு முனைகளிலும் செய்ய வேண்டும்.

எல்லாம் திறந்து மெதுவாக மட்டும் இருந்தால், வெளியே இருந்து நாம் எடுக்கும் வேகம் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழைய ரவுட்டரிலேயே ஓப்பன்விபிஎன் ஓடுகிறதென்றால் குறியாக்கம் செய்ய அதன் பிராசசருக்குத் தெம்பு போதாமலும் இருக்கலாம்.

சில நிமிடங்கள் சும்மா இருந்தால் இணைப்பு மடிந்துவிடுகிறது, வீட்டுப் பக்கத்திலிருந்து கைபேசியை எட்ட முடியவில்லை என்றால், வழியில் உள்ள ரவுட்டர்கள் இந்த இணைப்பை மறந்துவிட்டன. 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பச் சொல்லும் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் என்ற அமைப்பு அதற்குத்தான். கைபேசி பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும். வீட்டின் வெளிமுகவரி மாறிய பிறகு இணைப்பு திரும்பாமலிருப்பது வேறு விஷயம். எண்ட்பாயிண்ட் பெயருக்கான எண்ணை வயர்கார்டு பொதுவாக ஆன் செய்யும்போது ஒருமுறைதான் தேடிக்கொள்ளும். ஒருமுறை அணைத்துப் போட்டால் புதிய எண்ணை எடுத்துக்கொள்ளும்.

நீண்ட பயணம் கிளம்புபவர்கள் அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ரவுட்டர், ஃபைபர் பெட்டி, சர்வர் மூன்றின் மெயின் சுவிட்சையும் அணைத்து, சிறிது நேரம் கழித்துப் போட்டுவிட்டு, எதையும் தொடாமல், மொபைல் டேட்டாவிலிருந்து இணைப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வி.பி.என். சேவை தானாக எழுகிறதா, சர்வரின் எண் மாறாமல் இருக்கிறதா, டைனமிக் டி.என்.எஸ். புதிய முகவரியைப் பிடித்துக்கொள்கிறதா, ஐ.பி. ஃபார்வர்டிங் நிலைத்திருக்கிறதா என்ற நான்கையும் இந்த ஒரே சோதனை காட்டிவிடும். பயணத்தில் கைபேசி தொலைந்துபோனால் சர்வரில் அந்தக் கைபேசிக்கான பொதுச் சாவிப் பகுதியை நீக்கினால் போதும். மற்றவர்களின் சாவிகளை மாற்ற வேண்டியதில்லை. ஆளுக்கொரு சாவி கொடுத்திருந்தால்தான் இப்படிச் செய்ய முடியும்.